இல்லாத ஆறு கார்ல்களும் ஒரு செம்புச் சிலையும்

சுவீடன் மன்னரின் பெயர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். அவருக்கு முன்னால் பதினைந்து கார்ல்கள் ஆண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? கிடையாது. முதல் ஆறு பேர் வெறும் பெயர்கள், ஆளே இல்லை. உப்சாலாவின் பேராயராக இருந்து, நாடு கத்தோலிக்கத்தை விட்டு லுத்தரன் சபைப் பக்கம் போய்விட்டதால் ஊர் திரும்ப முடியாமல் ரோமில் காலம் தள்ளிய யொஹான்னஸ் மாக்னுஸ் என்பவர், கோத்கள் என்ற பழைய ஜெர்மானிய இனத்து அரசர்களின் வரலாறு என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அவர் இறந்தபிறகு 1554இல் அச்சேறியது. நோவாவின் பேரன் மாகோகில் தொடங்கி வரிசையாக அரசர்கள், அதில் கார்ல்களும் எரிக்குகளும் தாராளம். 1560இல் பட்டத்துக்கு வந்த எரிக் தன்னைப் பதினான்காம் எரிக் என்றார், பின்னால் அவர் தம்பி ஒன்பதாம் கார்ல் ஆனார், அந்தக் கணக்கு இன்றுவரை ஓடுகிறது. சுவீடர்களுக்கும் கோத்களுக்கும் வெண்டுகளுக்கும் மன்னர் என்ற பழைய பட்டத்தை 1973இல் இப்போதைய மன்னர் விட்டுவிட்டார். எண்ணை மட்டும் விடவில்லை!

இதைச் சொன்னால் பலரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. பொய் என்று கண்டுபிடிப்பது சுலபமான பாதி வேலை. இந்தப் பொய் அந்த நேரத்தில் யாருக்கு நாற்காலி போட்டது, யாரை எழுப்பிவிட்டது என்று பார்ப்பதுதான் மிச்ச வேலை, அதைத்தான் யாரும் செய்வதில்லை.

நாற்காலி என்று சும்மா சொல்லவில்லை. 1434இல் பாசெல் நகரில் திருச்சபைப் பொதுச்சங்கம் கூடியபோது எந்த நாட்டுத் தூதர் எந்த இடத்தில் உட்காருவது என்று தகராறு. சுவீடன் தரப்பிலிருந்து போயிருந்த நிக்கோலாவுஸ் ராக்வால்டி என்ற ஆயர் எழுந்து, ரோமையே நடுங்கவைத்த கோத்கள் எங்கள் மண்ணிலிருந்து கிளம்பியவர்கள், ஆகவே எங்கள் அரசருக்குத்தான் முன்வரிசை என்று ஒரு நீண்ட உரை ஆற்றினார். ஸ்பெயின்காரர்கள் விடுவார்களா? அவர்கள் நாட்டை ஆண்ட விசிகோத்களும் கோத்கள்தானே. துணிச்சல் உள்ளவன் ஊரைவிட்டுக் கிளம்பி எங்களிடம் வந்தான், சோம்பேறி வீட்டிலேயே தங்கிவிட்டான், நீங்கள் அந்தச் சோம்பேறியின் பிள்ளைகள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பதில் இது. செத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்களை வைத்துக்கொண்டு முன்வரிசைக்குச் சண்டை!

இதற்கெல்லாம் ஆதாரம் என்று காட்டப்பட்டது, 551 வாக்கில் ஜோர்டானஸ் என்பவர் எழுதிய நூல். கோத்கள் ஸ்கான்சா என்ற வடக்குத் தீவிலிருந்து கப்பலில் வந்தார்கள் என்று அதில் இருக்கிறது. சரி, அந்த ஒரு வரியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்? ஓலோஃப் ருட்பெக் போன தூரம் வரைக்கும் போகலாம். அவர் சாதாரண ஆள் இல்லை, மனித உடலின் நிணநீர் நாளங்களைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், உப்சாலாவில் உடற்கூறு அரங்கு கட்டியவர், கத்தியும் கண்ணும் நம்பகமானவை. அப்பேர்ப்பட்டவர் 1679இலிருந்து பாகம் பாகமாக எழுதி, கடலில் மூழ்கியதாக பிளேட்டோ சொன்ன அட்லாண்டிஸ் உப்சாலாதான் என்று நிறுவப் பார்த்தார். முப்பதாண்டுப் போரில் ஜெயித்துத் திடீரென்று வல்லரசான சுவீடனுக்கு அந்த அந்தஸ்துக்கு ஏற்ற பழைய பெருமை வேண்டியிருந்தது, படித்தவர் அதைத் தயாரித்துக் கொடுத்தார். முட்டாள்கள்தான் இந்த மாதிரி எழுதுவார்கள் என்று நினைப்பவர்கள் ருட்பெக்கைக் கொஞ்சம் படிக்கலாம்.

பிரான்ஸ் கதை இதைவிடச் சிக்கலானது. அந்த நாட்டின் பெயரே ஜெர்மானிய இனமான பிராங்குகளிடமிருந்து வந்தது. பிரெஞ்சுப் பிரபுக்கள் அதில் பெருமைப்பட்டார்கள். நாங்கள் ஜெயித்த பிராங்குகளின் வாரிசு, குடியானவர்கள் முன்பே அங்கே இருந்து தோற்ற கோல் மக்களின் வாரிசு, அதனால்தான் எங்களுக்குச் சலுகை என்பது புலான்வில்லியே பிரபு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்த வாதம். 1789இல் சியெஸ் பாதிரியார் இதை அப்படியே திருப்பிப் போட்டார். அப்படியா, வெளியிலிருந்து வந்து பிடித்தவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்களா, அப்படியானால் கிளம்பி உங்கள் பிராங்கோனியக் காட்டுக்கே போய்ச் சேருங்கள் என்று எழுதினார். கெல்ட் இனத்தைச் சேர்ந்த கோல் மக்கள் பிரெஞ்சுத் தேசத்தின் தாத்தாக்கள் ஆவதற்குப் பின்னால் வரி கட்டாத பிரபுக்கள் மேல் இருந்த கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கூட்டத்தைக் கணக்குக் கேட்பதற்குப் பதிலாக, நீ வந்தேறி, உன் ஊருக்குப் போ என்பதில் அது போய் நின்றதே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வருகிறார். கி.மு. 52இல் ரோமின் சீசரை எதிர்த்து அலேசியாவில் முற்றுகையில் சிக்கித் தோற்ற கோல் தலைவன் வெர்சின்ஜெடோரிக்ஸுக்கு, பர்கண்டியில் அலீஸ் குன்றின்மேல் 1865இல் செம்புத் தகட்டில் ஒரு சிலை வைத்தார். பீடத்தை விட்டுவிட்டுச் சிலை மட்டும் கிட்டத்தட்ட 7 மீட்டர். நீண்ட கூந்தல், தொங்கு மீசை, கழுத்தில் மணிமாலை, கையில் வெர்சின்ஜெடோரிக்ஸ் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே வழக்கொழிந்த மாதிரி வாள். அவர் பெயர் பொறித்த தங்கக் காசுகள் கிடைத்திருக்கின்றன, அவற்றில் இருப்பது மீசை தாடி இல்லாத இளைஞன் முகம். அது அவர் முகமா, அப்போலோ தெய்வத்தின் முகமா என்பது வேறு விவாதம். சிலையின் முகத்துக்கு அந்த விவாதமே தேவைப்படவில்லை, பார்த்தவர்கள் அதில் பேரரசரின் ஜாடையைக் கண்டார்கள். கோல் ஒன்றுபட்டு ஒரே தேசமானால் உலகத்தையே எதிர்த்து நிற்கும் என்று பீடத்தில் எழுதியிருக்கிறது, சீசர் தன் நூலில் வெர்சின்ஜெடோரிக்ஸ் வாயில் வைத்த பேச்சைத் தழுவியது. அதாவது நம் தேசிய வீரன் என்ன பேசினான் என்பதற்குச் சாட்சி அவனைச் சங்கிலியில் ரோமுக்கு இழுத்துப்போய்க் கொன்றவர்!

வேடிக்கை இன்னும் முடியவில்லை. அதே 1865இல் இதே பேரரசர் சீசரின் வரலாற்றை எழுதி வெளியிடத் தொடங்கினார். வெர்சின்ஜெடோரிக்ஸைப் போற்றுவோம், ஆனால் அவன் தோற்றதற்காக வருந்தக் கூடாது, ரோம் வென்றதால்தான் நமக்கு நாகரிகம் வந்தது என்பது அதன் சாரம். அப்போது அல்ஜீரியா பிரான்ஸின் கையில் இருந்தது. வீரமாகத் தோற்றுப் பிறகு நாகரிகம் அடைந்த முன்னோர் நமக்கு இருந்தார்கள் என்றால், இன்று நம்மிடம் தோற்பவர்களும் நன்றியோடு இருக்கலாமே? ஒரே தாத்தாவிடமிருந்து ரோஷத்தையும் அடிமைத்தனத்துக்கான நியாயத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் இந்த சாமர்த்தியத்தைத்தான் நான் இந்த விஷயத்திலேயே பெரிய அயோக்கியத்தனம் என்பேன். 1870இல் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றபிறகு அந்தச் சிலைக்கு வேறு அர்த்தம் வந்தது. இப்போது தோற்றுப்போன வீரன் தேவைப்பட்டான். எல்லைக்கு அப்பால் ஜெர்மானியர்கள் ரோமை ஜெயித்த தங்கள் ஆர்மினியஸுக்கு 1875இல் டெட்மோல்ட் அருகே வாள் தூக்கிய சிலையைத் திறந்தார்கள், முகம் பிரான்ஸ் இருக்கும் மேற்குத் திசையில்.

கோத் பெருமை எங்கே போய் முடிந்தது என்று தெரிய வேண்டுமா? 1939இல் போலந்தின் க்டினியாவைப் பிடித்த நாஜிகள் அதற்கு கோடன்ஹாஃபன், கோத் துறைமுகம், என்று பெயர் வைத்தார்கள். கிரிமியாவில் ஒரு காலத்தில் கோத்கள் இருந்தார்கள், 16ஆம் நூற்றாண்டில்கூட அவர்கள் மொழிச் சொற்களை ஓர் ஐரோப்பியத் தூதர் குறித்துவைத்திருக்கிறார். அதைக் காரணம் காட்டி அங்கே இருக்கிற மக்களைக் காலிசெய்துவிட்டு ஜெர்மானியர்களைக் குடியேற்றத் திட்டம் போட்டார்கள், செவஸ்தபோலுக்கு ஒரு கோத் அரசன் பெயரைக்கூட எடுத்துவைத்திருந்தார்கள்.

அதற்காக எல்லாக் கற்பனையையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். வேல்ஸில் யோலோ மோர்கானுக் என்று ஒரு கல்தச்சர், கவிஞர், அபின் மருந்துக்கு அடிமை, பழைய கவிஞர்கள் பெயரில் தானே எழுதிவிடும் கைகாரர். 1792இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் கூழாங்கற்களை வட்டமாக அடுக்கி, கெல்ட் குருமார்களான ட்ரூயிட்களின் ஆதிகாலச் சடங்கு இது என்று நடத்திக் காட்டினார். இன்றும் ஆண்டுதோறும் வேல்ஸ் மொழி இலக்கிய விழாவில் வெள்ளை, நீலம், பச்சை அங்கி போட்டுக்கொண்டு அவர் கற்பனையில் பிறந்த அந்தச் சடங்கை நடத்துகிறார்கள், அது அவர் புனைந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் வேல்ஸ் மொழி பேசினால் பிள்ளைகளைத் தண்டித்த காலத்தையும் தாண்டி வந்தது அந்த விழா. ஒரு நல்ல கவிஞனுக்கு நாற்காலி பரிசாகப் போடுகிறார்கள், யாரும் யாரையும் எழுப்பிவிடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

2016இல் பிரான்ஸில் சர்கோசி மறுபடி அதிபர் தேர்தலுக்கு நிற்கப் பார்த்தபோது, பிரெஞ்சுக் குடிமகன் ஆன நொடியிலிருந்து உங்கள் முன்னோர் கோல் மக்கள்தான் என்று குடியேறியவர்களைப் பார்த்துப் பேசினார். அவருடைய அப்பா ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறியவர். ஒட்டிக்கொள்ளச் சொல்வது நல்ல எண்ணம்தானே என்று அப்போது சிலர் வாதாடினார்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன், ஒப்பவில்லை. அப்பாவின் ஊரை மறக்காமலே அவரால் அதிபராக முடிந்தது, மாலியிலிருந்து வந்தவரிடம் மட்டும் ஏன் தாத்தாவை மாற்றச் சொல்ல வேண்டும்?