தலைமையாசிரியர் விருப்பமா?

ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவை உள்ள பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது தலைமையாசிரியரின் விருப்பம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. மலேசியக் கல்வி அமைச்சின் ‘ஸீரோ ரிஜெக்ட்’ (யாரையும் நிராகரிக்காத) கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது, குறைபாட்டைக் காட்டி அரசுப் பள்ளி ஒரு பிள்ளையைத் தள்ளக்கூடாது. அதற்காக எல்லாரும் ஒரே வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்றில்லை. சிறப்புப் பள்ளி, வழக்கமான பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பு, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது என மூன்று வழி உண்டு, குழப்பமே இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். சந்தேகமா? அமைச்சின் இணையத்தளத்தில் சிறப்புக் கல்விப் பகுதியைப் பாருங்கள். பினாங்கோ கோலாலம்பூரோ, டாக்டர் அறிக்கை இருக்கும் அந்தப் பழுப்பு உறையோடு கல்வி இலாகாவுக்கே போய்க் கேட்கலாம். பள்ளி அலுவலகத்தில் வாய்வார்த்தையாக ‘இடமில்லை’ என்றால், எழுதித் தரச் சொல்லுங்கள்.