வீட்டுக்கணக்கும் இலக்கியம்தான்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. சோவியத் எழுத்தாளர் நதாலியா பரான்ஸ்கயாவின் கதை ஏன் பேச்சில் வரவில்லை என்று நான் கேட்டதற்கு "அது இலக்கியம் அல்ல தோழர், வீட்டுக்கணக்கு" என்று பதில் வந்ததும், அரங்கம் சிரித்ததும் மட்டும்தான் என் பிரச்சினை. பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

சோவியத் புனைகதைகளில் பெண்கள் என்பது தலைப்பு. மேடையில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். அதையும் விட்டுவிடுகிறேன். அத்தனை நேரம் பேசியதில் வந்த பெண்கள் யார்? கார்க்கியின் 'தாய்' நாவலில் வரும் நீலவ்னா, ஐத்மாத்தவின் கதை நாயகி ஜமீலா, வசீலியெவின் போர்க்கதையில் வரும் ஐந்து பெண் வீரர்கள். இவர்களோடு கதை முடிந்துவிட்டதாம். 'தாய்' 1906இல் எழுதப்பட்ட நாவல். சோவியத் அரசு பிறப்பதற்குப் பதினோரு ஆண்டுகள் முந்தையது. அந்த அரசின் கீழ் பெண் எப்படி எழுதப்பட்டாள் என்று கேட்டால் நீலவ்னாவைக் காட்டுவது எப்படி விடையாகும்? வசீலியெவின் ஐந்து பெண்களும் சாகிறார்கள். அவர்களை வழிநடத்திய வாஸ்கோவ் பிழைத்துக்கொள்கிறார். அவர்களில் ஒருத்தியான லீசா சதுப்பு நிலத்தில் மூழ்கும் பக்கத்தை இன்றைக்குப் படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தக் கதையை யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான் கேட்டது நதாலியா பரான்ஸ்கயாவைப் பற்றி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எழுத வந்தவர். 1969இல் 'நோவி மீர்' இதழில் அவருடைய குறுநாவல் ஒன்று வந்தது. நாயகி ஓல்காவுக்கு 26 வயது. மாஸ்கோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இளநிலை ஆய்வாளர். கணவன், இரண்டு குழந்தைகள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம், அவ்வளவுதான் கதை. அலுவலகத்தில் பெண்களுக்கு ஒரு படிவம் தருகிறார்கள். வீட்டு வேலைக்கு எத்தனை மணி நேரம், குழந்தைகளுக்கு எத்தனை, பொழுதுபோக்குக்கு எத்தனை என்று நிரப்ப வேண்டும். ஓல்கா பஸ் பிடிக்க ஓடுகிறாள், கடை வரிசையில் நிற்கிறாள், பை கனக்க வீட்டுக்கு ஓடுகிறாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்புக்கு ஓடுகிறாள். வாரத்தின் தொடக்கத்தில் அவள் உடையில் ஒரு கொக்கி பிய்ந்துபோகிறது. வாரம் முடிந்தும் அது தைக்கப்படவில்லை. ஒரு கொக்கி தைக்க நேரம் இல்லாத ஆய்வாளர்! சமத்துவத்தின் மீதி பாக்கி எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்சித் தீர்மானம் சொல்லியிருக்கிறது? இதைத்தான் வீட்டுக்கணக்கு என்கிறீர்கள்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். சாகும் பெண்ணைக் கொண்டாடுகிறோம். களைத்துப்போன பெண்ணைக் கண்டால் சிரிக்கிறோம். துண்டறிக்கை சுமந்தால் அவள் நாயகி, காய்கறிப் பை சுமந்தால் அவள் கதையில் இருக்கவே தகுதியில்லாதவள்.

இதை எழுதும்போது அம்மாதான் நினைவுக்கு வருகிறார். தொலைபேசி நிலையத்தில் இரவுப் பணி பார்த்தவர். சோவியத் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது அப்பா. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், ஐந்து ரூபாய்க்கும் குறைந்த விலை. அப்பா உரக்க வாசிப்பார், நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். அம்மா உளுந்து அரைத்துக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வார். ஜமீலா போர்முனைக்குப் போன கணவனையும் இரண்டு வீடுகளாக வாழும் அவன் குடும்பத்தையும் விட்டுவிட்டு, நொண்டிக்கால் தானியாருடன் புல்வெளியில் நடந்து மறையும் இடம் வந்ததும் அப்பாவின் குரல் தழுதழுத்துவிட்டது. அம்மா ஆட்டுக்கல்லை நிறுத்தாமலே கேட்டார்: "நல்லா போனா மகராசி. மறுநாள் அந்த ரெண்டு வீட்டுக்கும் யாரு பொங்கிப்போட்டா?"

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ரசனை இல்லாதவள் என்று பிறகு யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்தது. ஜமீலா போனதில் அம்மாவுக்கு வருத்தமே கிடையாது. போகவேண்டியவள்தான் என்று பல முறை சொல்லியிருக்கிறார். ஆனால், கதை யாரை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்கத் தெரிந்த ஒரே வாசகர் அந்த அறையில் அவர்தான். ஐத்மாத்தவை நான் குறை சொல்லவில்லை. ஜமீலாவின் கணவன் சதீக் போர்முனையிலிருந்து எழுதும் கடிதங்களைப் பாருங்கள்: பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, கடைசி வரியில் மனைவியை விசாரிப்பான். அந்தக் கடைசி வரியை எழுதிய கலைஞனுக்கு என் அம்மாவின் கேள்வி புரிந்திருக்கும். நம் மேடைக்குத்தான் புரியவில்லை.

"இது மேற்கத்தியப் பிரச்சாரம்" என்று உள்பெட்டியில் ஒருவர் எழுதியிருக்கிறார். 'நோவி மீர்' மாஸ்கோவில் அச்சான, தணிக்கையைத் தாண்டி வந்த இதழ். அந்த நாட்டு வாசகர்கள் படித்தார்கள், பேசினார்கள். அவர்களால் தாங்க முடிந்த உண்மையை இங்கே உங்களால் தாங்க முடியவில்லையா? "நம் ஊரில் இதைவிட மோசம்" என்கிறார் இன்னொருவர். இருக்கட்டும், அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரு மறுப்பை மட்டும் மதிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இரண்டு கோடிக்கும் மேல் உயிர்களைக் கொடுத்த நாடு அது, இடிபாடுகளிலிருந்து எழுந்த நாட்டில் மணிக்கணக்கு பார்க்க முடியுமா என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஓல்காவின் வாரம் போர் முடிந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறது. இந்தக் கடன் போருக்கும் முந்தையது. கருக்கலைப்பை 1920இலேயே சட்டபூர்வமாக்கிய முதல் நாடு, 1936இல் அதைத் தடை செய்தது. பெண்களுக்கான கட்சிப் பிரிவை 1930இல் மூடியது. 1944இல் பத்துக் குழந்தைகள் பெற்று வளர்த்தவளுக்கு 'வீரத்தாய்' பட்டம் அறிவித்தது. கருக்கலைப்புத் தடை 1955இல்தான் நீங்கியது. போல்ஷெவிக் தலைவர்களில் ஒருவரான கொலந்தாய் 1923இல் எழுதிய கதையில் வசிலீசா கணவனைப் பிரிந்து, பிறக்கப்போகும் குழந்தையைத் தோழிகளின் துணையோடு வளர்க்கத் துணிகிறாள். கிளாத்கோவின் 'சிமெண்ட்' நாவலில் தாஷா பழைய மனைவியாகத் திரும்ப மறுக்கிறாள், அவள் குழந்தையோ இல்லத்தில் நலிந்து இறக்கிறது. அந்தக் குழந்தையின் சாவை எழுதுகிற துணிவு 1925இல் இருந்தது. அந்த விவாதத்தைத்தான் பிறகு தீர்ந்துவிட்டது என்று மூடிவைத்தார்கள்.

இன்னொரு தாயையும் சொல்லிவிடுகிறேன். லிதியா சுகோவ்ஸ்கயா 1939-40 குளிர்காலத்தில் லெனின்கிராடில் ரகசியமாக எழுதிய கதை. சோஃபியா பெத்ரோவ்னா ஒரு பதிப்பகத்தில் தட்டச்சர். அரசை நம்புகிறவள். ஸ்டாலின் காலக் கைதுகளில் மகன் பிடிபடுகிறான். அவனைப் பற்றி விசாரிக்க வரிசைகளில் நிற்கிறாள். எல்லோருடைய பிள்ளைகளும் குற்றவாளிகள், தன் பிள்ளை மட்டும் தவறுதலாகப் பிடிபட்டவன் என்று நம்புகிறாள். முடிவில் மகனிடமிருந்து கடிதம் வருகிறது. அதைத் தானே கொளுத்திவிடுகிறாள். ஜாருக்கு எதிராக நின்ற மகனுக்காக நீலவ்னா ரயில் நிலையத்தில் துண்டறிக்கைப் பெட்டியோடு நிமிர்ந்து நின்றாள். சோஃபியாவுக்கு நிமிர இடமே இல்லை. இந்தப் புத்தகம் அந்த நாட்டில் 1988இல்தான் அச்சானது. நீலவ்னாவுக்கு ஒரு கூட்டம் என்றால் சோஃபியாவுக்கும் ஒரு கூட்டம் வேண்டாமா? அவளும் தாய்தானே?

நான் இந்த இடதுசாரி இயக்கத்தின் பிள்ளை. என் அப்பாவின் அலமாரியில் வளர்ந்தவள். வெளியே நின்று கல்லெறிகிறவளாக என்னைச் சித்தரிக்காதீர்கள், அது வலிக்கிறது. கூட்டத்தைப் பற்றி நான் போட்ட பதிவை நீக்கச் சொல்லி அமைப்பாளர்கள் கேட்டார்கள். நீக்கப்போவதில்லை. பரான்ஸ்கயாவின் குறுநாவல் ஆங்கிலத்தில் 'A Week Like Any Other' என்ற பெயரில் கிடைக்கிறது, ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்துவிட்டு வாருங்கள், வரிவரியாகப் பேசலாம். படிக்காமல் சிரித்தவர்களுக்கு இனி நான் பதில் எழுத மாட்டேன்.