அந்த 1 மணி 31 நிமிடத்தைக் கொஞ்சம் விளக்குங்களேன்!

கனடாவின் இக்காலுயிட்டிலிருந்து கிரீன்லாந்தின் நூக்குக்கு எவ்வளவு நேரம் என்று விமான நேரக் கணிப்பானில் கேட்டால், 820 கி.மீ., பறக்கும் நேரம் 1 மணி 31 நிமிடம். மறுபடியும் அதே பதில்! ஒன்றரை மணி என்றுகூட இல்லை, முப்பத்தொன்றாம், சுத்தமாக நிமிடக் கணக்கு. விமானமே போகாத நாளில் தட்டிப் பாருங்கள், அப்போதும் இதையேதான் சொல்லும்.

இந்த 31 எங்கிருந்து வருகிறது தெரியுமா? இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து உருண்டைமேல் ஒரு வில் போடுகிறார்கள். 820 வருகிறது. அதுவரை குறையில்லை. அடுத்து மணிக்கு 800 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணியைச் சேர்த்துவிடுகிறார்கள். லண்டனுக்கும் இதே கணக்கு, இந்த இரண்டு ஊருக்கும் நடுவே கிடக்கும் டேவிஸ் நீரிணைக்கும் இதே கணக்கு!

800இல் பறக்க ஜெட் வேண்டுமே ஐயா! 2024 நவம்பர் 28 வரை நூக்கின் ஓடுபாதை வெறும் 950 மீட்டர். பெரிய ஜெட் எதுவும் அங்கே தரை தொட்டிருக்க முடியாது. இந்தத் தடத்துக்கு வந்ததெல்லாம் டேஷ் 8 மாதிரி டர்போபிராப், அதாவது சுழல்விசிறி விமானம், வேகம் 500 சொச்சம். 820ஐ 500ஆல் வகுத்தாலே 1 மணி 38 நிமிடம். ஏற்றம், இறக்கம் சேர்த்தால் இரண்டு மணியை ஒட்டிவிடும். நூக்கிலிருந்து மேற்கே திரும்பும்போது 100 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் தரைவேகம் 400தான். அப்போது நேர்ப் பறப்புக்கே 2 மணி 3 நிமிடம்.

நூக்கில் மூட்டம் போட்டால்? மாற்று விமான நிலையமான காங்கர்லுசுவாக் 300 கி.மீ.க்கும் மேல் வடக்கே இருக்கிறது. அதுவரை போக எரிபொருள் சுமந்தாக வேண்டும். எடை மிஞ்சினால் கழற்றி வைப்பது உங்கள் பெட்டியைத்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேரடி விமானமே சில ஆண்டுகளில் மட்டும், அதுவும் கோடையில்தான் என்பதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? மற்ற நாளில் ஒட்டாவாவுக்கு இறங்கி, அட்லாண்டிக் தாண்டி, கோபன்ஹேகன் போய், அங்கிருந்து நூக்குக்குத் திரும்ப வேண்டியிருக்கும். நேர்கோட்டில் கூட்டினாலே 11,500 கி.மீ.! பக்கத்துக் கரைக்குப் போக பதினாலு மடங்கு தூரம். முதலில் தேதி போட்டு அட்டவணையைப் பாருங்கள், அப்புறம் எந்த விமானம் என்று பாருங்கள், கடைசியாக வகுங்கள். கணிப்பான் போடுகிறவர்கள் இதை ஒரு வரி எழுதி வைத்தால் என்ன?

நேர வித்தியாசம் மூன்று மணி என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். இக்காலுயிட்டில் காலை 10க்குக் கிளம்பினால் நூக்கில் பிற்பகல் 3. அதைப் பார்த்து ஐந்து மணி நேரப் பயணம் என்று எழுதி வைக்கிறார்கள்!

அந்த விமான நிலையக் குறியீடுகளைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. இக்காலுயிட்டின் ஒய்எஃப்பியில் (YFB) இருக்கும் எஃப்பி, ஃப்ரோபிஷர் பே. நூக்கின் ஜிஓஹெச் (GOH) என்பது கொட்ஹோப். ஒன்று 1987இல் போன பெயர், மற்றது 1979இல் போனது. ஊர்க்காரர்கள் தங்கள் பெயரை மீட்டு இத்தனை வருடமாகிறது, பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் இன்னும் துரைமார் வைத்த பெயர்தான்!