பாட்டு மாறியது இருக்கட்டும், ஊர் எங்கே போனது?

செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை மறுபடி விளக்க வேண்டியதில்லை, ஆளாளுக்கு ஆடியோ பகிர்ந்தாயிற்று. மழைக்குப் பள்ளி விடுமுறை என்று கலெக்டர் அறிவித்து முக்கால் மணி நேரம் ஆன பிறகு, நம் ஊர் எஃப்எம்மில் "என்னம்மா, டிபன் பாக்ஸ் கட்டியாச்சா, ஸ்கூல் வேன் வந்துடுச்சா?" என்று ஒரு குரல் குழைகிறது. மீம் போட்டீர்கள், சிரித்தீர்கள், அந்தப் பெண்ணைத் திட்டவும் செய்தீர்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் அதைப் பேசியது முந்தைய நாள் சாயங்காலம், வேறு ஊரில்.

நம் எஃப்எம் தன் பாட்டு வகையை (ஃபார்மட்டை) மாற்றியதும், பழைய பாட்டா புதுப் பாட்டா என்று இங்கே அடித்துக்கொண்டிருந்தபோதே சொன்னேன்: பாட்டுப் பட்டியலோடு சேர்ந்து அதை எழுதும் மேசையும் ஊரைவிட்டுப் போகிறது என்று. "ஃபார்மட் மாத்தினா என்ன சார் இப்ப" என்றார்கள். இப்ப இதுதான்.

பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து பாட்டுகளுக்கு நடுவே செருகும் இந்த வாய்ஸ் டிராக்கிங் எப்படி நடக்கிறது தெரியுமா? ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். முந்தைய பாட்டின் கடைசிச் சில விநாடி, அடுத்த பாட்டின் தொடக்க இசை, இரண்டும் ஹெட்போனில் விழும். நடுவில் பேசிவிட்டு அடுத்த இடைவெளிக்குத் தாவ வேண்டியதுதான், பாட்டைக் கேட்கவே தேவையில்லை. ஒரே உட்காரலில் நாலு ஊருக்குப் பேசலாம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி. சாயங்காலம் லாக், அதாவது மறுநாள் ஒலிபரப்பின் வரிசைப் பட்டியல், பூட்டியாகிவிட்டால் மறுநாள் கம்ப்யூட்டர் வரிசைப்படி ஓட்டும். குறுக்கே புகுந்து நிறுத்த உள்ளூர் ஸ்டுடியோவில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் இல்லை. தலைமையிடத்திலிருந்து வரும் லைன் அறுந்தால்கூட சைலன்ஸ் சென்சார் கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டு சேமித்து வைத்த பாட்டைப் போட்டுவிடும். மௌனத்தைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டு. அபத்தத்தைக் கண்டுபிடிக்க மனிதர்தான் வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். மணிக்கு 12 பாட்டு, பாட்டுக்கு 4 நிமிடம், 48 ஆயிற்று. விளம்பரம் 8 நிமிடம். மிச்சம் 4 நிமிடத்தில் ஜிங்கிளும் (நிலையத்தின் பெயரைப் பாடும் துணுக்கு) பேச்சும். இதில் ஊர் எங்கே நுழையும்?

இது ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் தொடங்கியபோது, ஒரு மாவட்டத்துக்கு அந்த மாவட்டத்தின் பேச்சு வேண்டும் என்று அரசாங்கமே நினைத்தது. 1999இல் தனியாருக்குக் கதவு திறந்தது. ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறும் உரிமக் கட்டணம் கழுத்தை நெரிக்க, 2005இன் இரண்டாம் கட்டக் கொள்கை அதை மொத்த வருமானத்தில் 4 சதவீதம் ஆக்கியது. நல்லது. அதே கொள்கையில்தான் இன்னொரு சலுகையும் இருந்தது: ஒரு நிறுவனம் தன் நிலையங்களுக்குள் ஒரே நிகழ்ச்சியைப் பகிரலாம், ஆனால் ஒரு பிராந்தியத்தின் சி, டி வகை ஊர்களில் மட்டும். அதாவது 10 லட்சத்துக்கு உட்பட்ட ஊர்களில். பெரிய நகரத்துக்கு அடுப்பில் வைத்த சமையல், நமக்குப் பார்சல். 2011இல் மூன்றாம் கட்டம் வந்து எல்லா ஊருக்கும் அதைத் திறந்துவிட்டது.

"தனியார் எஃப்எம் செய்தியே சொல்லக்கூடாதே, அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பாதி சரி. சொந்தச் செய்தி கூடாது, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்யலாம். ஆனால் அதே 2011 கொள்கையில் போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்பு எல்லாம் செய்தி அல்லாதவை என்று எழுதியே இருக்கிறது. சட்டம் விட்டுவைத்த ஒரே உள்ளூர்க் கதவு அது. அதையும் இவர்களே சாத்திக்கொண்டார்கள்.

நஷ்டக் கணக்கு எனக்கும் புரிகிறது. டவர் வாடகை, கரண்ட் பில், பாட்டு ராயல்டி எல்லாம் சின்ன ஊர் என்பதற்காக விட்டுவிடாது. ஆனால் கேட்டது 24 மணி நேர நேரலையா? காலை 6 முதல் 10 வரை ஓர் ஆள், ஒரு மைக், கலெக்டர் அலுவலகத்தோடு ஒரு ஃபோன் தொடர்பு.

"ஃபோன் இருக்கும்போது ரேடியோ யாருக்கு?" என்பீர்கள். 2018இல் கஜா புயல் அடித்தபோது நாகை, தஞ்சைப் பக்கம் கரண்ட்டும் செல்போன் டவரும் நாள்கணக்கில் படுத்துக் கிடந்ததே, அங்கே போய்க் கேளுங்கள். பென்சில் செல்லில் ஓடும் பெட்டி ரேடியோ.

என்னைப் பழசுக்கு அழுகிற கிழம் என்று எழுதியவருக்குப் பதில் இல்லை. எழுதிவிட்டுப் போங்கள், பழகிவிட்டது.

ஆனால் ஒன்றை மட்டும் யாராவது விளக்குங்கள். தலைமையிடத்திலிருந்து வரும் அதே ஒலிபரப்பு ஓட்டத்தில், விளம்பர நேரம் வந்ததும் ஒரு சிக்னல் இறங்குகிறது. உள்ளூர் கம்ப்யூட்டர் விழித்து நம் ஊர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரத்தை விநாடி பிசகாமல் ஓட்டி முடித்துவிட்டு மறுபடி ஓட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. ஸ்கூல் வேன் பேச்சு முடிந்த கையோடு நம் பஸ் ஸ்டாண்டு எதிரிலுள்ள கடையின் தள்ளுபடி விளம்பரம் வந்தது, கிளிப்பை முழுசாகக் கேட்டவர்களுக்குத் தெரியும். அதற்கு நுழைய வழி இருக்கிறது. "இன்று பள்ளி விடுமுறை" என்ற மூன்று சொல்லுக்கு மட்டும் ஏன் வழி இல்லை?