ஒரு தடவை கீழே இறங்கி வாருங்கள்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில், இரண்டாவது ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) நடக்கும்போது ஸ்பீக்கர் நின்றுவிட்டது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரில், பள்ளிவாசலின் கீழ்த்தள அறைதான் பெண்களுக்கு. இமாமைப் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான் வரும். அதுவும் போனதும், குனியும் ருகூவா, நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவா தெரியாமல் பாதிப்பேர் குனிந்தோம், பாதிப்பேர் நின்றோம். என் பக்கத்தில் தொழுத சோமாலியப் பாட்டி கட்டிய கையோடு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

அந்த வயர் ஆட்டம் கண்டு மூன்று வாரம். நிர்வாகக் குழுவில் ஒரு பெண் இருந்திருந்தால் முதல் வாரமே சரியாகியிருக்கும்.

"பெண் தலைமை" என்றாலே பேச்சு இமாமத்துக்கு, அதாவது தொழுகையை முன்நின்று நடத்துவதற்குப் போய்விடுகிறது. 2005இல் நியூயார்க்கில் ஆமினா வதூத் என்ற பெண் அறிஞர் ஆண்களும் பெண்களும் சேர்ந்த ஜும்ஆவை நடத்தியதிலிருந்து இதே விவாதம்தான். அதை மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் பேசட்டும். நான் கேட்பது குழுவில் ஓர் இடம்.

இந்த நாட்டில் அது புதிதும் இல்லை. கிளாரா முஹம்மதை எத்தனை பேருக்குத் தெரியும்? 1930களில் டெட்ராய்ட்டில், கறுப்பினப் பிள்ளைகளைத் தாழ்த்திப் பாடம் நடத்திய அரசுப் பள்ளிக்குத் தன் பிள்ளைகளை அனுப்ப மறுத்து வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தவர். கணவர் எலைஜா முஹம்மது 1942 முதல் 1946 வரை கைதாகிச் சிறையில் இருந்தபோது அவர் தலைமை தாங்கிய கறுப்பின முஸ்லிம் இயக்கமான நேஷன் ஆஃப் இஸ்லாமைச் சிதறாமல் காத்தவரும் கிளாராதான். அந்த இயக்கத்தின் கொள்கை நம் அகீதாவோடு, அதாவது அடிப்படை நம்பிக்கையோடு ஒத்துப்போகாது, உண்மைதான். ஆனால் 1975க்குப் பிறகு அந்த மக்களில் பெரும்பகுதியை சுன்னி இஸ்லாத்துக்குக் கொண்டுவந்த வாரித்தீன் முஹம்மது கிளாரா பெற்ற பிள்ளை. தாயின் பெயரையே பள்ளிக்கூடங்களுக்கு வைத்தார்.

2006இல் வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கமான இஸ்னா, கனடாவில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய இங்க்ரிட் மேட்சனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மருத்துவமனையிலும் சிறையிலும் நம்மவர்களுக்குத் துணைநிற்கும் சாப்ளின்களை, அதாவது சமய ஆலோசகர்களை உருவாக்க ஹார்ட்ஃபோர்டில் படிப்பு தொடங்கியவர் அவர். நாடு முழுவதற்குமான அமைப்பை ஒரு பெண் நடத்தலாம், ஓர் ஊர்ப் பள்ளிவாசலின் கணக்கையும் வயரையும் பார்க்கக் கூடாதா? 2015இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்கள் தமக்கென்றே ஜும்ஆ தொடங்கினார்கள். எனக்குத் தனிப் பள்ளிவாசல் வேண்டாம். என் பிள்ளைகள் ஓதும் இந்தப் பள்ளிவாசலே வேண்டும்.

அடுத்த மாதம் தேர்தல். இரண்டு பெண்கள் மனு கொடுத்திருக்கிறோம். சகோதரர்களே, ஓட்டுப் போடும் முன்னால், தொழுகை முடிந்து நாங்கள் கிளம்பிய பிறகு, ஒரு தடவை கீழே இறங்கி அந்த அறையைப் பாருங்கள்.