வைதாங்கியின் பெரிய படகு 1840-ஐச் சேர்ந்தது அல்ல

நியூசிலாந்தின் பைஹியாவுக்குப் பக்கத்தில் வைதாங்கியில் நிற்கும் நீண்ட படகில்தான் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் 1840-ல் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பந்தம் போட வந்தார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார், அது தவறு. ஒப்பந்தம் 1840 பிப்ரவரி 6-ல் கையெழுத்தானது சரி, ஆனால் ஙாடோகிமாட்டாஃபாவோருவா என்ற அந்தப் படகு ஒப்பந்தத்தின் நூற்றாண்டு விழாவுக்காக, கௌரி (kauri) என்ற நியூசிலாந்தின் பெரிய மரங்களைக் குடைந்து 1940-ல் நீரில் இறக்கப்பட்டது. 35 மீட்டருக்கு மேல் நீளம், துடுப்புப் போடவே எழுபது பேருக்கு மேல் வேண்டும். அங்கே செதுக்குத் தூண்கள் நிற்கும் மாவோரிக் கூடமும் 1940-ல் திறந்ததுதான், ஒவ்வொரு தூணும் வெவ்வேறு குலத்தின் முன்னோரைச் சொல்வது, நின்று பார்க்க வேண்டியது. பழைய பொருள் என்றால்தான் மதிப்பா என்ன? பிப்ரவரி 6 வாக்கில் போனால் அந்தப் படகு கடலில் ஓடுவதையே பார்க்கலாம். அப்புறம் அங்கிருந்து ஹருரு அருவிக்கு, அலையாத்திக் காட்டுக்கு மேலே போட்ட மரப்பாதை வழியாக நடந்தே போகலாம், அதைத் தவறவிடாதீர்கள்.