ஆய்வு என்றால் எந்த ஆய்வு?

"ஆய்வில் நிரூபணமாகிவிட்டது" என்று ஒரு செய்தி வந்தால் போதும், ஒரு கூட்டம் அப்படியே நம்பிப் பகிர்கிறது. இன்னொரு கூட்டம் "போன வருஷம் இதே விஞ்ஞானிகள்தான் வேறு மாதிரி சொன்னார்கள்" என்று மொத்தமாகத் தள்ளிவிடுகிறது. இரண்டு தரப்பிடமும் எனக்கு ஒரே வருத்தம்தான். மருந்தைச் சோதிப்பவர், அணுத்துகளைத் தேடுபவர், அல்காரிதம் எழுதுபவர், ஒரு கருவியின் கைப்பிடி எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பவர், எல்லோரும் ஒரே வழியில்தான் உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இரு தரப்புமே நினைத்துக்கொள்கிறது.

என் கருத்து இதுதான்: ஒவ்வொரு துறையும் தான் எங்கே மோசம்போனதோ, அங்கேதான் தன் ஆய்வு முறையைக் கட்டியிருக்கிறது. மோசம்போன இடங்கள் வேறு வேறு என்பதால் முறைகளும் வேறு வேறு. ஒன்றின் அளவுகோலை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தால் இரண்டையும் தப்பாகத்தான் எடைபோடுவோம்.

மருத்துவத்திலிருந்து தொடங்குகிறேன். மாரடைப்பிலிருந்து பிழைத்த சிலருக்கு நடுநடுவே ஒழுங்கற்ற இதயத் துடிப்புகள் வரும். அப்படி வருபவர்கள் திடீரென்று இறந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்திருந்தது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் துடிப்புகளை அடக்கின. ஈசிஜி எடுத்துப் பார்த்தால் பலன் கண்ணுக்கே தெரியும். துடிப்பு ஆபத்து, மருந்து துடிப்பை நிறுத்துகிறது, அப்படியென்றால் மருந்து உயிரைக் காக்கும். இதில் ஓட்டை எங்கே இருக்க முடியும்? 1991-இல் காஸ்ட் என்ற சோதனையின் முடிவு வெளிவந்தது. 755 பேருக்கு அந்த மருந்துகளில் ஒன்று, 743 பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. சராசரியாகப் பத்து மாதங்களில், மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர்.

இதை ஒரு மருத்துவர் தன் அனுபவத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. வருபவர்கள் ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்கள். ஒருவர் இறந்தால் நோய் முற்றிவிட்டது என்று தோன்றும், பிழைத்தால் மருந்து காப்பாற்றியது என்று தோன்றும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தக் கணக்கு இப்படித்தான் விழும். அதனால்தான் யாருக்கு எந்த மாத்திரை என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்கிறார்கள். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 1948-இல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை வெளியானபோதே இந்த யோசனையின் முக்கியப் பகுதி வந்துவிட்டது. அதில் மொத்தம் 107 நோயாளிகள். யார் எந்தப் பக்கம் என்பது ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அந்த உறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேறு துறைகளிலும் அது வரும்.

இயற்பியலில் குலுக்கல் எல்லாம் கிடையாது. பாதிப் பிரபஞ்சத்துக்கு மருந்தும் மீதிப் பாதிக்குப் போலி மாத்திரையும் தர முடியாது. துகளுக்கு நம்பிக்கை, பயம் எதுவும் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் அளப்பவருக்கு ஆசை இருக்கிறது, அளக்கும் கருவியில் பழுது இருக்கலாம். 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகம் வரை சுமார் 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்து சேர்ந்ததாக ஓபரா குழு அறிவித்தது. உண்மையாக இருந்திருந்தால், எதுவும் ஒளியை முந்தாது என்ற இயற்பியலின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கும். கடைசியில் முக்கியமான காரணம் என்னவென்றால், ஒரு ஃபைபர் ஆப்டிக் கேபிள் சரியாக முடுக்கப்படாமல் இருந்திருக்கிறது.

இயற்பியலில் "5 சிக்மா" என்று ஒரு நிபந்தனை உண்டு. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் என்ற துகளை அறிவித்தபோது அதைத்தான் எட்டியிருந்தார்கள். துகளே இல்லாமல், வெறும் தற்செயலால் தரவின் வரைபடத்தில் அப்படி ஒரு மேடு தெரிய வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்று அர்த்தம். "மருத்துவத்தில் ஏன் இவ்வளவு கறாராக இல்லை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கறாரைக் கேட்டால் முக்கால்வாசி மருந்துகளைச் சோதித்து முடிக்கவே முடியாது. அவ்வளவு நோயாளிகளுக்கு எங்கே போவது? அது மட்டுமில்லை, ஓபரா குழுவின் நியூட்ரினோ முடிவும் 5 சிக்மாவைத் தாண்டியதுதான். சிக்மா தற்செயலிலிருந்து காப்பாற்றும், தளர்ந்த கேபிளிலிருந்து காப்பாற்றாது. சொல்லப்போனால் அந்தக் குழுவின் மேல் எனக்கு மரியாதைதான். தங்கள் அளவீட்டை வெளியே வைத்து, தப்பு எங்கே என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று மற்றவர்களிடம் கேட்டார்கள்.

ஈர்ப்பலைகளை, அதாவது காலவெளியில் பரவும் மிக நுண்ணிய அதிர்வுகளைத் தேடிய லைகோ குழு ஒரு படி மேலே போனது. உள்ளுக்குள்ளேயே ஒரு சிறிய குழுவை அமைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் கருவிக்குள் போலி சமிக்ஞையைச் செலுத்தும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தார்கள். 2010 செப்டம்பரில் ஒரு சமிக்ஞை வந்தது. வானில் அது வந்ததாகத் தோன்றிய திசையை வைத்து 'பிக் டாக்' என்று செல்லப் பெயர்கூட வைத்தார்கள். மாதக் கணக்கில் அலசி, ஆய்வுக் கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் எல்லோரும் கூடி 'உறையைப் பிரித்தபோது' அது போலி என்று தெரிந்தது. உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இப்படித் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறார்கள், சொல்லுங்கள்? 2015 செப்டம்பர் 14 அன்று உண்மையான அலை வந்தபோது, இதுவும் போலியா என்ற கேள்விதான் உடனே எழுந்தது. இல்லை என்று உறுதியான பிறகும் அலசல் தொடர்ந்தது. 2016 பிப்ரவரி 11 அன்றுதான் உலகத்துக்குச் சொன்னார்கள். 4 கிலோமீட்டர் நீளமுள்ள கருவிக் கரத்தில் புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மாற்றத்தை அளப்பவர்களுக்கு இந்த அளவு சந்தேகம் தேவைதான்.

கணினித் துறைக்கு ஒரு வசதி உண்டு. ஒரு அல்காரிதம் சரி என்று கணிதம் போலவே நிரூபித்துவிடலாம். ஆனால் அந்த நிரூபணம் எதை நம்பி நிற்கிறது என்பதில்தான் கண்ணி. பைனரி சர்ச் படிக்காத கணினி மாணவர் இருக்க மாட்டார். வரிசையாக அடுக்கிய பட்டியலின் நடுவைப் பார், தேடுவது அதைவிடப் பெரிதா சிறிதா என்று பார், பாதியைத் தூக்கிப்போடு. நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஜாவா மொழியின் நூலகத்தில் இதை எழுதிய ஜாஷ்வா பிளாக், சுமார் ஒன்பது வருடங்களாக அதில் பிழை இருந்ததை 2006-இல் தானே வெளிப்படையாக எழுதினார். அந்தக் கூட்டல் 2147483647-ஐத் தாண்டினால் கணினியில் எண் தலைகீழாகி எதிர்மறையாகிவிடும். காகிதத்தில் எண்களுக்கு எல்லையில்லை, 32 பிட் இயந்திரத்தில் உண்டு. பட்டியல்கள் அவ்வளவு பெரிதாக வளரும்வரை யாருக்கும் உறைக்கவில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் அந்த நிரூபண வசதியும் பெரும்பாலும் போய்விட்டது. மார்பு எக்ஸ்ரே பார்த்து நிமோனியாவைச் சொல்லும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலை 2018-இல் ஆராய்ந்தபோது, எக்ஸ்ரே எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையே அந்த வகை மாடல்கள் படத்திலிருந்து கண்டுபிடித்துவிடுவது தெரிந்தது. எங்கே நிமோனியா நோயாளிகள் அதிகம் என்று தெரிந்தால் நுரையீரலைப் பார்க்காமலேயே பாதி விடையைச் சொல்லிவிடலாமே. வெளி மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தால் பல நேரங்களில் மதிப்பெண் இறங்கியது. அதனால்தான் "எங்கள் மாடல் மருத்துவர்களை மிஞ்சியது" என்ற அறிவிப்புகளில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற மாடலை நம்புகிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. புரதங்களின் வடிவத்தைக் கணிப்பதற்கு 1994-இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காஸ்ப் என்ற பரீட்சை நடக்கிறது. ஆய்வகத்தில் கண்டுபிடித்த, ஆனால் இன்னும் வெளியிடாத வடிவங்கள்தான் விடைத்தாள். யாரும் முன்கூட்டியே பார்த்திருக்க முடியாது. அதே ஒட்டிய உறை. 2020-இல் அந்தப் பரீட்சையில்தான் ஆல்ஃபாஃபோல்ட் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் தள்ளியது. 2024-இல் அதற்கு வேதியியல் நோபலில் பங்கும் கிடைத்தது.

அப்புறம், வடிவமைப்பு. இதை ஆய்வு என்று சொன்னாலே பலருக்கு முகம் சுளிக்கிறது. வண்ணம் தீட்டுவது, பொத்தானை அழகாக வைப்பது, இதில் என்ன விஞ்ஞானம் என்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் பி-17 விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள், ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்களை உள்ளே இழுத்து விமானத்தைக் குப்புறப் போட்டார்கள். "விமானியின் தவறு" என்றுதான் கோப்புகளில் பதிவானது. அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும் இறக்கை மடலுக்கான விசையும் அச்சு அசலாக ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சக்கரம் போன்ற ரப்பர் துண்டு, இன்னொன்றில் ஆப்பு வடிவத் துண்டு, அவ்வளவுதான் அவர் மாட்டியது. கண்ணால் பார்க்காமலேயே கை கண்டுபிடித்துவிடும். இன்றைக்கும் விமானங்களில் தரையிறங்கு சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது. 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் இருவரும் இப்படி "விமானியின் தவறு" என்று முத்திரை குத்தப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி அலசினார்கள். பொறுப்பை மனிதரின் தலையில் கட்டுவதற்கு முன் கருவியைப் பார் என்று தரவோடு காட்டிய வேலை அது.

வடிவமைப்பு ஏமாறும் இடமும் வேறு. செய்தவர்களின் கையில் நன்றாக வேலை செய்யும் பொருள், மற்றவர் கைக்குப் போனதும் வேறொன்றாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியானது. 2014-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளின் தரவைப் பார்த்தார்கள். பட்டியல் பயன்பாட்டுக்கு வந்த பிறகும் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. பட்டியல் பொய் என்று சிலர் உடனே முடிவு கட்டினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. நின்று, ஒருவரை ஒருவர் பார்த்து, வாய்விட்டுப் படிப்பதும், டிக் போட்டுக் கோப்பில் வைப்பதும் ஒன்றல்ல. எது நடந்தது என்பதை எண்களை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அறைக்குள் போய் நின்று பார்க்க வேண்டும். அந்த நின்று பார்க்கும் வேலையும் ஆய்வுதான்.

இந்த நான்கும் சந்திக்கும் ஒரு பொருளைப் பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே விரலில் மாட்டிக்கொண்டது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர். சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்லும் கருவி. ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இரண்டு ஒளிகளையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகிக்குத் தோன்றிய யோசனை அற்புதமானது: நாடித்துடிப்போடு மாறும் ஒளியை மட்டும் எடுத்துக்கொள். தோல், எலும்பு எல்லாம் மாறாதவை, கணக்கில் கழிந்துபோகும்.

காகிதத்தில் கழிந்தது. கருவியில் முழுதாகக் கழியவில்லை. ஒளியின் விகிதத்தை ஆக்ஸிஜன் சதவீதமாக மாற்றும் கணக்கு, தன்னார்வலர்களிடம் எடுத்த அளவுகளை வைத்துச் செய்தது. அவர்களில் கறுப்புத் தோல் உள்ளவர்கள் மிகக் குறைவு. 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரங்களில், ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். எனக்கு ஆறாத விஷயம் என்னவென்றால், 1990-லேயே ஓர் ஆய்வு இதே வேறுபாட்டைச் சுட்டியிருந்தது. அந்தந்தத் துறையின் பார்வையில் கருவியின் இயற்பியல் சரி, கணக்கு சரி, கிளிப் வசதியாக இருந்தது, மருத்துவர்களுக்கு அது அன்றாடம் பயன்பட்டது. ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் சோதித்துவிட்டு அடுத்த துறை மீதியைப் பார்த்திருக்கும் என்று நம்பியது. யாருடைய விரலில் சோதித்தீர்கள் என்று அழுத்திக் கேட்கும் வேலை யாருக்கும் உரியதாக இருக்கவில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல், 10 பேரிடமாவது சோதிக்கச் சொன்னது. அதில் கருமையான தோல் உள்ளவர்கள் 2 பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. 2025 ஜனவரியில் வந்த வரைவு, 150 பேருக்குக் குறையாமல், பலவிதத் தோல் நிறங்களில் சோதிக்கச் சொல்கிறது. அது வரைவுதான். ஏற்கெனவே மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே விற்பனைக்கு வந்தவை. உங்களிடம் ஒன்று இருந்தால், மூச்சு வாங்கும்போது அது காட்டும் எண்ணை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.